குளிர் கடுமையான ஊரில் வெந்நீர்த் தொட்டி: வீட்டைத் தயார்ப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாட் டப் என்று பேச்சில் வழங்கும் வெந்நீர்த் தொட்டியை வாங்க முடிவு செய்தவர்கள், அதில் எத்தனை பேர் உட்காரலாம், நீரைப் பீய்ச்சும் ஜெட் எத்தனை இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். மாதக்கணக்கில் மண் உறைந்து கிடக்கும் ஊர்களில், அந்தத் தொட்டி உட்காரப்போகும் இடத்தையும் அதன் அடியிலுள்ள மண்ணையும் பற்றிய கேள்விகளே முதலில் வர வேண்டும். கீழேயுள்ள பதில்கள் தொட்டி வீடு வந்து சேர்வதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றியவை.

வேலையை எந்தப் பருவத்தில் தொடங்க வேண்டும்?

உங்கள் ஊரில் மண் உறையத் தொடங்கும் வாரத்தை முதலில் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தொட்டிக்கு அடியில் தளமாகப் போடும் கான்கிரீட் தன் முழு பலத்தை அடைய 28 நாள் ஆகும் என்பதே வழக்கமான கணக்கு. அதற்கு முன் பள்ளம் தோண்டி, ஜல்லி கொட்டி, திமிசு போட்டு இறுக்க வேண்டும். மின்கம்பிக்கான வாய்க்காலையும் அதே சமயத்தில் வெட்டிவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக உள்ளாட்சி அனுமதி வந்திருக்க வேண்டும். ஆகவே கோடையின் நடுவிலேயே தொடங்குவதுதான் நிம்மதி. இலையுதிர்காலத்தின் கடைசியில் அவசரமாகத் தொடங்கியவர்கள், பாதி உறைந்த மண்ணின் மேல் கான்கிரீட் போட்டுவிட்டு, வசந்தத்தில் அந்த மண் இளகித் தளம் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்க்க நேரிடுகிறது. தளமும் மின்சாரமும் தயாராக இருந்தால், தொட்டி நடுக்குளிர்காலத்தில் வந்து இறங்கினாலும் பாதகமில்லை.

தோட்டத்தின் மூலையில் வைத்தால் அழகாக இருக்குமே, வீட்டை ஒட்டித்தான் வைக்க வேண்டுமா?

கோடையில் நின்று பார்த்து இடம் தேர்ந்தெடுப்பவர்கள் செய்யும் பிழை இது. ஈரத் துண்டோடும் வெறுங்காலோடும், பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில், இருட்டில் நடந்து வர வேண்டிய தூரம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். கதவிலிருந்து ஐந்தாறு அடி தாண்டினால் பத்தாவது இரவிலிருந்து யாரும் போகமாட்டார்கள் என்பது என் எண்ணம். தூரம் குறைந்தால் பனியை அள்ளும் வேலையும் குறையும், மின்கம்பியின் நீளமும் குறையும்.

ஆனால் வீட்டை ஒட்டி வைக்கும்போது கூரையை நிமிர்ந்து பார்க்க மறக்காதீர்கள். கூரைச் சரிவிலிருந்து பனி மொத்தமாக வழுக்கி விழும் இடத்தில் தொட்டியை வைத்தால், மூடி ஒரே நாளில் உடைந்துபோகலாம். உள்ளே ஆள் இருக்கும்போது விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிகளுக்கும், பகலில் சொட்டி இரவில் உறையும் நீருக்கும் இது பொருந்தும். கூரைச் சரிவு இறங்காத பக்கவாட்டுச் சுவர் ஓரம் பெரும்பாலும் நல்ல இடம்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. வீட்டின் அடித்தளச் சுவரைக் கட்டத் தோண்டிய பள்ளத்தைப் பின்னர் மண் போட்டு மூடியிருப்பார்கள். சுவரை ஒட்டிய அந்த ஒரு மீட்டர் அகல மண், பல ஆண்டுகள் ஆனாலும் அதற்கு அப்பாலுள்ள கன்னி மண்ணைப்போல இறுகியிருக்காது. தளத்தின் ஒரு பாதி இந்த மண்ணிலும் மறுபாதி இறுகிய மண்ணிலும் இருந்தால், அது வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வரும். அந்தப் பகுதியைத் தோண்டியெடுத்து, அடுக்கடுக்காக ஜல்லி நிரப்பி இறுக்கிய பிறகே மேலே வேலை செய்ய வேண்டும்.

வீட்டை ஒட்டி வெளியே ஏற்கெனவே மரத்தளம் (டெக்) இருக்கிறது. அதன் மேல் வைத்துவிடலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2.1 மீட்டர் நீள அகலமுள்ள, ஆறு பேர் உட்காரும் தொட்டி ஒன்றில் ஏறத்தாழ 1,400 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டும் 1,400 கிலோ. வெறும் தொட்டி 400 கிலோ. ஆறு பேர் ஆளுக்கு 75 கிலோ வீதம் 450 கிலோ. மொத்தம் 2,250 கிலோ. தொட்டியின் பரப்பு 4.4 சதுர மீட்டர். ஆக ஒவ்வொரு சதுர மீட்டரும் 510 கிலோவைத் தாங்க வேண்டும். வட அமெரிக்காவில் வீட்டு மரத்தளங்களுக்கு வழக்கமாகக் கொள்ளும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோவை எட்டுவதே இல்லை. இதன் மேல் பனியின் எடை வேறு. ‘பத்து பேர் நின்று விருந்து வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது, ஏனென்றால் விருந்தினர்கள் இரவே வீட்டுக்குப் போய்விடுவார்கள், தொட்டியின் எடையோ இரவும் பகலும் அங்கேயே இருக்கும்.

அடியில் கூடுதல் தூண்களும் விட்டங்களும் கொடுத்து வலுப்படுத்த முடியும். ஆனால் அந்தத் தூண்களின் அடிக்கால்கள் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும், இந்த வரைபடத்தைக் கட்டுமானப் பொறியாளர்தான் போட வேண்டும். எனக்குப் பிடித்த வழி வேறு: தொட்டிக்கு மண்ணில் தனித் தளம் போட்டுவிட்டு, மரத்தளத்தை அதைச் சுற்றி ஒட்டாமல் கட்டுவது. இரண்டும் தனித்தனியே அசைந்தாலும் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளாது.

மண் உறைந்தால் தளம் ஏன் எழும்புகிறது? அதைத் தடுக்க முடியுமா?

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது என்பது பலருக்குத் தெரியும். தளம் எழும்புவதற்கு அது மட்டும் காரணமல்ல. மேலிருந்து உறைந்துகொண்டே வரும் மண், கீழே உறையாமல் இருக்கும் ஈரத்தை, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் தன் பக்கம் இழுக்கிறது. இழுத்த நீர் மெல்லிய பனிக்கட்டித் தகடுகளாக அடுக்கடுக்காக உறைந்து, மேலேயுள்ள எல்லாவற்றையும் தூக்குகிறது. பல சென்டிமீட்டர் உயரத்துக்கு இப்படி எழுவது உண்டு. எழுவதைவிட, வசந்தத்தில் அது சமமில்லாமல் இறங்குவதே தொட்டிக்குக் கேடு, ஏனென்றால் ஒரு மூலை மட்டும் தாழும்போது தொட்டியின் ஓடு முறுக்கிக்கொண்டு விரிசல் விடும்.

இதற்கு மூன்று பொருள்கள் ஒன்றுசேர வேண்டும்: உறையவைக்கும் குளிர், நீர், நுண்ணிய துகள் கொண்ட மண். வண்டல் மண் இதில் மிக மோசமானது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். மண்ணை எடுத்துவிட்டு, தூசு இல்லாத உடைத்த ஜல்லியை நிரப்பினால் நீர் மேலே ஏறாது. ஜல்லியின் அடியில் தண்ணீர் தேங்காமல் வடிய வழி செய்தால் உறைவதற்கு நீர் இருக்காது. தரைக்கடியில் போடுவதற்கென்றே விற்கும் கெட்டியான ஃபோம் பலகைகளைத் தளத்தின் கீழும், தளத்தின் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் பதித்தால், பூமியின் சூடு அடியிலேயே தங்கிக் குளிர் இறங்காது. பொட்டலத்தில் வரும் சாதாரண தெர்மோகோல் இந்தப் பாரத்தைத் தாங்காது. அழுத்தம் தாங்கும் வலு எவ்வளவு என்பது பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

கான்கிரீட் தளமா, ஜல்லித் தளமா?

இரண்டும் பயன்படும். கான்கிரீட் என்றால் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம், உள்ளே கம்பி, அடியில் இறுக்கிய ஜல்லி. குளிர் ஊர்களில் நுண்ணிய காற்றுக்குமிழ்கள் கலந்த கான்கிரீட்டையே கேட்டு வாங்குங்கள். உள்ளே ஊறிய நீர் உறையும்போது விரிவதற்கு அந்தக் குமிழ்கள் இடம் கொடுப்பதால் மேற்பரப்பு செதில் செதிலாக உரிவதில்லை. காற்றின் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் கான்கிரீட் இறுகுவது வெகுவாக மந்தமாகும். முதல் ஓரிரு நாளில் உறைந்துவிட்டால் இழந்த பலத்தைப் பின்னர் பெறவே முடியாது. புதிய தளத்தில் பனியை உருக்க உப்புத் தூவ வேண்டாம், மணல் போதும்.

ஜல்லித் தளம் எளிது, விரைவில் முடியும், நீரை வடிய விடும். ஆனால் முனைகளிலிருந்து ஜல்லி நகராதபடி சுற்றிலும் பதப்படுத்திய மரச்சட்டம் வேண்டும், ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே இறுக்க வேண்டும். எதைப் போட்டாலும் ரசமட்டத்தை நீளமான சட்டத்தின் மேல் வைத்து, நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் பார்த்துவிடுங்கள். தாழ்ந்த மூலைக்கு அடியில் மரத்துண்டைச் செருகிச் சரிசெய்யும் பழக்கம் வேண்டாம். தொட்டியின் அடிப்பகுதி முழுவதும் தரையில் படிய வேண்டும் என்பதால், பல உத்தரவாதங்கள் இந்த ஒரு காரணத்தாலேயே செல்லாமல் போகின்றன.

மின்சார வேலையில் எதை எதிர்பார்க்கலாம்?

இது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவரிடம் என்ன கேட்பது என்பதைத்தான். வட அமெரிக்காவில் பெரிய தொட்டிகள் பொதுவாக 240 வோல்ட்டில், 40 முதல் 60 ஆம்பியர் வரையிலான தனிப் பிரேக்கரில் ஓடுகின்றன. ஐரோப்பாவில் 230 வோல்ட். எந்த நாடானாலும் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம். தொட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆனால் தண்ணீரில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாத தூரத்தில், துண்டிப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும். அமெரிக்க விதி அதற்குக் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி கேட்கிறது. வீட்டின் மெயின் பலகையில் இவ்வளவு சுமைக்கு இடம் இருக்கிறதா என்பதைத் தொட்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். மின்சார ஹீட்டரால் வீட்டைச் சூடாக்குபவர்களுக்குப் பலகை ஏற்கெனவே நிரம்பியிருப்பது சாதாரணம்.

குளிருக்கே உரிய இரண்டு நுணுக்கங்கள் உண்டு. மின்கம்பியை உள்ளே வைத்து மண்ணுக்கடியில் போகும் காப்புக்குழாய் மண்ணோடு சேர்ந்து எழும்பும் என்பதால், அது மேலே வரும் இடத்தில் நீண்டு சுருங்க இடமளிக்கும் இணைப்பு வேண்டும். அடுத்தது, வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் குழாயின் வாயை அடைக்காவிட்டால், உள்ளேயுள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன் வழியே போய்க் குளிர்ந்து நீராகி, ஸ்விட்ச் பெட்டிக்குள் சொட்டும். அதற்கென விற்கும் அடைப்புப் பசையைக் குழாய்க்குள் வைத்து அடைப்பது ஐந்து நிமிட வேலை, ஆனால் கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை.

சாதாரண பிளக்கில் செருகும் சிறிய தொட்டி போதாதா?

மிதமான குளிருக்குப் போதும். 1,400 லிட்டரை 5 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 54 யூனிட் மின்சாரம் வேண்டும். 5.5 கிலோவாட் ஹீட்டர் இதைப் பத்து மணி நேரத்தில் முடிக்கும்; சாதாரண பிளக்கில் ஓடும் 1.5 கிலோவாட் ஹீட்டருக்கு 36 மணி நேரம் ஆகும், அதுவும் வெப்பம் எதுவும் வெளியேறாவிட்டால். கடுங்குளிரில் மூடியைத் திறந்து வைத்துக் குளித்தால் இழக்கும் வெப்பத்தை அந்தச் சிறிய ஹீட்டரால் ஈடுகட்ட முடியாது, அரை மணியில் தண்ணீர் ஆறுவதை உடம்பே சொல்லும். காற்றடித்து நிரப்பும் தொட்டிகளை உறைபனிக் காலத்துக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை.

காற்றுத் தடுப்பும் மூடியும் அவ்வளவு முக்கியமா?

வெப்பம் பெரும்பாலும் நீராவியாகத்தான் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. காற்று வீசினால் ஆவியாவது கூடும். ஆகவே குளிர்காலத்தில் காற்று வரும் திசையை அறிந்து, அந்தப் பக்கம் மட்டும் ஒரு தட்டியோ வேலியோ எழுப்பினாலே பெரிய வேறுபாடு தெரியும். முழுக்க அடைத்த சுவர் காற்றை மேலே ஏற்றி மறுபுறம் சுழலவைத்துப் பனியை அங்கேயே கொட்டும். சிறு இடைவெளிகள் விட்ட பலகைத் தட்டி மேல்.

மூடி நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்ததாக இருந்தால் உருகும் நீர் வழிந்தோடும். மடிப்பு விழும் நடுக்கோட்டில் உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அங்கிருந்துதான் ஆவி அதிகம் தப்புகிறது. மூடியைத் தூக்க முடியாதபடி கனத்துவிட்டால் உள்ளேயுள்ள ஃபோம் நீரை உறிஞ்சிவிட்டது என்று பொருள், அது இனி வெப்பத்தைக் காக்காது. மூடியைப் பின்பக்கம் மடித்து நிறுத்தும் கைப்பிடி அமைப்புக்கு அரை மீட்டர் அளவு இடம் விட வேண்டும். இதைத் தளம் போட்ட பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறைய. பம்ப் இருக்கும் பக்கத்தில் ஒருவர் மண்டியிட்டு வேலை செய்யுமளவு இடமும் தேவை, அங்கே பனியைக் குவிக்கவும் கூடாது.

தண்ணீரை நிரப்புவதும் வெளியேற்றுவதும் எப்படி?

வெளிக்குழாயைக் குளிர்காலத்தில் அடைத்துவிடுவீர்கள் என்பதால், உள்ளேயிருக்கும் எந்தக் குழாயிலிருந்து ஹோஸ் வரும், எந்தச் சன்னல் வழியாக வரும் என்பதை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் 1,400 லிட்டர் நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஹோஸின் முனையை ஃபில்டர் இருக்கும் குழிக்குள் வைத்து நிரப்பினால் பம்புக்குள் காற்று அடைபடாது. முடிந்ததும் ஹோஸை வடித்துச் சுருட்டி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள், வெளியே விட்டால் மறுநாள் அது வளையாத கோலாகக் கிடக்கும்.

தண்ணீரை மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். கடுங்குளிர் தொடங்குவதற்குச் சற்று முன் மாற்றிவிட்டால் நடுக்குளிரைத் தாண்டிவிடலாம். அடியிலுள்ள வடிகுழாயை நம்பினால் மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் குழாயே உறையலாம். நீரில் மூழ்கும் சிறிய பம்ப் அரை மணிக்குள் வேலையை முடிக்கும். அந்த நீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் தளம் போடும்போதே யோசிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில், வடித்த நீர் சரிவில் இறங்கி வாசல் நடைபாதையில் பரவி, விடிவதற்குள் கண்ணாடிபோல உறைந்திருந்தது. தபால்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டே வந்தார். குளோரின் அளவு பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மண்ணில் விடுங்கள், செப்டிக் தொட்டியில் இவ்வளவு நீரை ஒரேயடியாக விடாதீர்கள்.

தொட்டியை வீட்டின் பின்புறம் எப்படிக் கொண்டுவருவார்கள்?

பக்கவாட்டில் நிமிர்த்தி, சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்போது 2.1 மீட்டர் தொட்டி சக்கரத்தோடு சேர்த்து 2.3 மீட்டர் உயரம் இருக்கும், அதன் ஆழமே வழிக்கு வேண்டிய அகலம், 1.1 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் இடைஞ்சலின்றி இருந்தால் வரும். வேலிக் கதவு, எரிவாயு மீட்டர், ஏசி பெட்டி, தாழ்ந்த கூரை விளிம்பு, திரும்பும் மூலை எல்லாவற்றையும் அளவுநாடாவோடு நடந்து பாருங்கள். வழி இல்லையென்றால் கிரேன்தான். இளகிய சேற்றில் சக்கரம் புதையும், உறைந்த தரையில் பலகை விரித்தால் உருளும். ஆலையில் சோதித்தபோது தங்கிய நீர் குழாய்களில் இருக்கலாம் என்பதால், வந்த தொட்டியை மின்சாரமில்லாமல் உறைபனியில் நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

மின்தடை வந்தால் தொட்டி உறைந்துவிடுமா?

உடனே உறையாது. 1,400 லிட்டர் நீர் ஒரு டிகிரி ஆற ஏறத்தாழ 1.6 யூனிட் வெப்பம் வெளியேற வேண்டும். நல்ல காப்பும் இறுக்கமான மூடியும் இருந்தால் அதற்கே சில மணி நேரம் ஆகும். முதலில் உறைவது தொட்டி நீரல்ல, பக்கப் பலகைக்குப் பின்னாலுள்ள மெல்லிய குழாய்களும் பம்பும்தான். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், ஃபில்டரைக் கழற்றாதீர்கள். உறையும் நிலை வந்தால் பம்பைத் தானே ஓடவைக்கும் வசதி பல தொட்டிகளில் உண்டு, ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும். நீண்ட மின்தடைகள் வழக்கமான ஊர் என்றால், ஜெனரேட்டரைப் பாதுகாப்பாக இணைக்கும் மாற்று ஸ்விட்ச்சை மின்வேலையின்போதே போட்டுவிடச் சொல்லுங்கள். பிரேக்கர் விழுந்ததை யாரும் கவனிக்காமல் ஒரு வாரம் வெளியூர் போவதுதான் மின்தடையைவிட ஆபத்து. போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

குளிர்காலம் முழுவதும் பயன்படுத்தாவிட்டால் காலி செய்து வைக்கலாமா?

முடியும், ஆனால் எனக்கு அதில் தயக்கம் உண்டு. நீரை வடித்ததும் குழாய்கள் காலியாகிவிடுவதில்லை. ஒவ்வொரு ஜெட்டிலும் காற்றடித்து வெளியேற்றி, பம்பின் வடிதிருகுகளைக் கழற்றி, எஞ்சிய இடங்களில் நச்சில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையெதிர்ப்பு நீரை ஊற்ற வேண்டும். காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். ஒரு வளைவில் ஒரு கிண்ணம் நீர் தங்கினாலும் குழாய் வெடிக்கும், அது வசந்தத்தில் நிரப்பும்போதுதான் தெரியவரும். பெரும்பாலானவர்களுக்கு, வெப்பநிலையைக் குறைத்து ஓடவிடுவதே நல்லது.

வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் வைத்துவிட்டால் இத்தனை தொல்லையும் இல்லையே?

வேறு தொல்லை வரும். வெந்நீரின் ஆவி குளிர்ந்த சன்னலிலும் வெளிச்சுவரின் உட்புறத்திலும் நீராகப் படிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மரச்சட்டங்களை உளுக்கவைக்கும். அறையின் உட்பக்கம் முழுவதும் ஆவி புகாத தடுப்புத் தாள், காற்றை வெளியேற்றும் மின்விசிறி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம், தரையில் வடிகால் என இத்தனையும் வேண்டும். முதல் மாடியில் வைப்பதானால் மேலே சொன்ன எடைக் கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதலாக என்ன?

பூட்டக்கூடிய மூடியும், பல ஊர்களின் விதி கேட்கும் வேலியும். பூட்டின் கொக்கி பனியில் உறைந்து திறக்காதபோது அதன் மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், அது மீண்டும் உறைந்து இன்னும் இறுகும். வெதுவெதுப்பான கையுறையைச் சற்று நேரம் அதன் மேல் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். படிக்கட்டின் ஓரத்தில் விளக்கு ஒன்றும், கையால் பிடிக்கக் கம்பியும் போட்டுவிடுங்கள். அந்தக் கம்பி இரும்பாக இருந்தால் துணி சுற்றுங்கள், ஈரக்கை ஒட்டிக்கொள்ளும்.